சத்தமில்லாத சரிவு

லிக்செலேயில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். மீதி இருந்தவர்களில் ஒருவர்கூடப் பேசவில்லை. வட ஸ்வீடனில் பஸ் பயணம் இப்படித்தான். பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் தள்ளிப் போய்த்தான் உட்காருவார்கள். எந்த ஊர், எங்கே போகிறீர்கள் என்ற விசாரிப்பு கிடையாது. முதல் இரண்டு மணி நேரம் எனக்கு மூச்சு முட்டியது. பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்க்கப் பழகிக்கொண்டேன். சாலையின் இரு பக்கமும் பனியைச் சுமந்து குனிந்த ஊசியிலை மரங்கள். நடுநடுவே திடீரென்று வெள்ளையாக ஒரு பெரிய வெளி விரியும். வயல் என்று நினைத்தேன். அது உறைந்து கிடக்கும் ஊமே ஆறு.

கடற்கரை நகரமான உமியோவில் தொடங்கி, இந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டே நார்வே எல்லை வரை ஏறுகிற சாலைக்கு எண் இ-12. இன்னொரு பெயர் நீலச் சாலை. பிப்ரவரிக் கடைசியில் நீலம் எங்கும் இல்லை. மாலை நான்கு மணிக்குமேல் மட்டும் பனியின் மீது ஒரு நீலம் மெல்லப் படிகிறது. ஸ்டென்செலே என்ற சிற்றூரைக் கடந்தபோது, ஸ்வீடனின் மிகப் பெரிய மரத் தேவாலயங்களில் ஒன்று அந்த நீலத்துக்குள் நின்றது. அத்தனை பெரிய கோயிலை நிரப்ப அங்கே வீடுகள் இருப்பதாகத் தெரியவில்லை. அடுத்தது ஸ்டோருமன். அங்கே பத்து நிமிட நிறுத்தம்.

காபி வாங்க இறங்கியபோதுதான் ஓட்டுநர் முதன்முறையாக என்னைப் பார்த்துப் பேசினார். அறுபதை நெருங்கும் வயது. பனிச்சறுக்கப் போகிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சறுக்கத் தெரியாது, ஸ்டென்மார்க்கின் ஊரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நான் அப்போது ஆறாம் வகுப்பு என்றார். எப்போது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் வயதுக்காரர்களிடம் கேட்கத் தேவையில்லாத கேள்வி அது என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

நான் கிளம்பியதற்குக் காரணம் ஓர் எண். 2023 மார்ச் 11 அன்று, ஸ்வீடனின் ஓரெ மலையில், அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் ஸ்லாலம் என்ற பிரிவில் ஒரு போட்டியை வென்றார். உலகக் கோப்பையில் அது அவருடைய 87-ஆவது வெற்றி. முந்தைய நாள் அதே மலையில் 86-ஐத் தொட்டிருந்தார். பனிச்சறுக்கில் உலகக் கோப்பை என்பது நான்காண்டுக்கு ஒருமுறை வருகிற திருவிழா அல்ல. 1967 முதல் ஒவ்வொரு குளிர்காலமும் மலைக்கு மலை மாறி நடக்கிற நீண்ட தொடர். ஒவ்வொரு போட்டிக்கும் தனி வெற்றி, தனிப் புள்ளி. அந்தத் தொடரில் 86 வெற்றி என்ற எண்ணை ஆணோ பெண்ணோ எவரும் முப்பத்து நான்கு ஆண்டுகள் அசைக்கவில்லை. அதை அங்கே வைத்துவிட்டுப் போனவர் இங்கெமார் ஸ்டென்மார்க். தன்னைவிட அவர் எவ்வளவோ மேல் என்று ஷிஃப்ரினைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னவரும் அவரே. ஒரு மனிதர் தன் சாதனை கைமாறும்போது இத்தனை லேசாக அதை விட்டுக்கொடுக்க முடியுமா என்று எனக்கு வியப்பு. அவர் வளர்ந்த மண்ணைப் பார்த்தால் ஏதாவது புரியும் என்று தோன்றியது.

ஸ்டென்மார்க் வளர்ந்த டேர்னபிக்குள் பஸ் நுழையும்போது இருட்டிவிட்டது. ஊர் முடிந்துவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்குச் சின்ன ஊர். ஏறத்தாழ ஐந்நூறு பேர் வாழ்கிறார்கள். ஒரு பக்கம் யேவுத்தான் ஏரி, இன்னொரு பக்கம் மலைச்சரிவு, இரண்டுக்கும் நடுவே சாலையோரமாக நீண்டு கிடக்கும் வீடுகள். இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது விளக்குகள். வீடுகளின் கொல்லைப்புறத்திலிருந்தே மேலேறும் ஒரு சரிவு, உச்சி வரை மின்விளக்குகளில் பளபளவென்று நின்றது. அதில் சிறு சிறு உருவங்கள் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தன. அந்தச் சரிவுக்கு இங்கெமார் சரிவு என்றே பெயர்.

ஆல்ப்ஸ் மலையைப் படங்களில் பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். மேகத்தைத் தொடும் சிகரம் இல்லை. கேபிள் கார் இல்லை. ஒரு பெரிய குன்று, அவ்வளவுதான். மேலே போக, நங்கூரம் போன்ற ஒரு கட்டையை இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே ஓடும் கம்பி இழுத்துக்கொண்டு போகும். இறங்க ஒரு நிமிடம். மறுபடி ஏறச் சில நிமிடம். பள்ளி விட்டு வருகிற பிள்ளை வீட்டு வாசலில் புத்தகப் பையை வைத்துவிட்டு, ஸ்கீ என்ற சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு நடந்தே போய்விடலாம். யாரும் காரில் கொண்டுபோய் விட வேண்டியதில்லை, காத்திருக்க வேண்டியதில்லை. நடுக்குளிர்காலத்தில் சூரியன் மதியத்தில் சிறிது நேரம் தலைகாட்டிவிட்டு மறையும் இந்த ஊரில், அந்த விளக்குகள் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு நாளே இல்லை. இந்தக் குன்றின் சிறுமைதான் அதன் பெருமை என்று நான் நினைக்கிறேன். பெரிய மலையில் ஒரு நாளைக்குச் சில முறை இறங்கலாம். இங்கே ஒரு மாலையில் எத்தனை முறை வேண்டுமானாலும்.

ஸ்டென்மார்க் பிறந்தது இங்கே அல்ல. நார்வே எல்லையை ஒட்டிய யூஎஷோ என்ற இன்னும் சின்ன இடத்தில், 1956 மார்ச் 18 அன்று. நான்கு வயதில் குடும்பம் டேர்னபிக்கு வந்தது. ஐந்து வயதில் சறுக்கத் தொடங்கினார். தனியாகச் செய்யக்கூடிய ஒன்று என்பதால்தான் அது பிடித்ததாம். எட்டு வயதில் சிறுவர்களுக்கான தேசியப் போட்டியில் முதல் வெற்றி. பக்கத்து வீட்டில் அதே ஆண்டு பிறந்த இன்னொரு பையன், ஸ்டிக் ஸ்ட்ராண்ட். இருவரும் ஒரே குன்றில் சறுக்கி, ஒரே சங்கத்துக்காகப் போட்டியிட்டார்கள். சங்கத்தின் பெயர் ஃபியெல்விண்டன். மலைக்காற்று என்று பொருள்.

இந்தப் பக்கத்து வீட்டுக் கதை எங்கே போய் முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1983-ஆம் ஆண்டு ஸ்லாலம் பிரிவில் உலகக் கோப்பைப் பட்டத்துக்கான கணக்கு முடிந்தபோது, முதலிடத்தில் இருவர் சமப் புள்ளியில் நின்றார்கள்: ஸ்டென்மார்க், ஸ்ட்ராண்ட். அதிக வெற்றி பெற்றவர் என்பதால் பட்டம் ஸ்டென்மார்க்குக்குப் போனது. உலகம் முழுவதிலுமிருந்து வந்த வீரர்களை வடிகட்டினால் கடைசியில் மிஞ்சியவர்கள் ஐந்நூறு பேர் கொண்ட ஓர் ஊரின் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள். நான் அந்தத் தெருவில் நடந்தேன். வேலிகள்கூடப் பனிக்குள் புதைந்துவிட்டதால், எந்த வீடு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை ஒரு பயிற்சியாளரைப் பிடித்தேன். இளம்பெண், இந்த ஊர் மேல்நிலைப் பள்ளியில் பாடத்தோடு பனிச்சறுக்கும் படித்தவர். எனக்குச் சறுக்கக் கற்றுக்கொள்ளும் ஆசை இல்லை, அந்த வளைவு என்ன என்று உடம்பால் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். அவர் அதை வினோதமாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தைகள் பழகும் சாய்வுக்குக் கூட்டிப்போனார்.

ஸ்கீயின் அடிப்பக்கம் இரண்டு ஓரங்களிலும் எஃகுப் பட்டை இருக்கிறது. நேராக நின்றால் அது பனியைக் கடிக்காது, வழுக்கும். முழங்காலைச் சற்று உள்ளே சாய்த்தால் ஒரு பக்கத்துப் பட்டை பனியைக் கடிக்கும். இடப்பக்கம் திரும்ப வேண்டுமா, எடை வலக்காலுக்குப் போக வேண்டும். வலப்பக்கம் என்றால் இடக்காலுக்கு. விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் உடம்பு தானாகவே மலைப்பக்கம் சாய்கிறது. அப்படிச் சாய்ந்த உடனே பிடி போய்விடுகிறது. பள்ளத்தை நோக்கித் துணிந்து சாய்பவனுக்குத்தான் பனி பிடிகொடுக்கிறது. மூன்று மணி நேரத்தில் ஐந்தாறு வளைவுகள் எனக்குச் சரியாக வந்தன.

பிறகு அவர் ஒன்று செய்தார். என்னை வேலியோரமாக நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள் என்றார். பெரிய சரிவில் இளைஞர்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கடக்கும்போதும் தேங்காய் துருவுவதுபோல ஒரு சத்தம். அந்தச் சத்தம் வேகம் இழக்கும் சத்தம் என்றார். ஸ்கீ வளையும்போது பக்கவாட்டில் இழுபட்டால் பனியைச் சுரண்டும். சுரண்டினால் பனித்தூள் தெறிக்கும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அத்தனையும் பிரேக். பட்டை போட்ட கோட்டிலேயே ஸ்கீயின் முழு நீளமும் ஓடிவிட்டால் சத்தமே வராது. ஸ்டென்மார்க்கைப் பற்றித் தன் பயிற்சியாளர் சொல்வாராம்: அவர் கடந்துபோவது காதில் விழாது.

இன்றைய ஸ்கீ இடை சிறுத்து, முன்னும் பின்னும் அகன்றிருக்கிறது. சாய்த்தாலே பாதி வளைவை அதுவே போட்டுவிடும். ஸ்டென்மார்க் காலத்து ஸ்கீ இரண்டு மீட்டரைத் தாண்டும் நீளம். ஏறக்குறைய நேரான பலகை. அதைச் சத்தமில்லாமல் வளைப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்தப் பெண் விளக்கியபோது அவர் குரலில் ஒரு பக்தி இருந்தது. ஸ்டென்மார்க் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தவர் அவர்.

இனி அந்தப் போட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையிலிருந்து நேராகப் பாயும் டவுன்ஹில் ஒரு விளையாட்டு. கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் வேறொரு விளையாட்டு. ஸ்லாலத்தில் கம்பங்கள் நெருக்கமாக இருக்கும். ஜயண்ட் ஸ்லாலத்தில் இடைவெளி அதிகம், வேகமும் அதிகம். இரண்டிலும் ஒரே நாளில் இரண்டு முறை இறங்க வேண்டும், இரண்டாவது முறை கம்பங்களை இடம் மாற்றி நட்டிருப்பார்கள். இரு நேரங்களையும் கூட்டினால் முடிவு. ஸ்டென்மார்க்கின் 86 வெற்றிகளில் 46 ஜயண்ட் ஸ்லாலத்தில், 40 ஸ்லாலத்தில். டவுன்ஹில்லில் ஒன்றுகூட இல்லை.

முதல் வெற்றி 1974 டிசம்பர் 17, இத்தாலியின் மடோனா தி கம்பீல்யோ. வயது 18. அந்தப் பருவத்தின் முடிவில் ஒரு விசித்திரம் நடந்தது. ஒட்டுமொத்தப் பட்டத்துக்கான போட்டியில் மூவர் ஒரே புள்ளியில் நின்றார்கள்: இத்தாலியின் குஸ்தாவ் டோனி, ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் கிளாமர், ஸ்டென்மார்க். கடைசிப் போட்டி 1975 மார்ச்சில் வால் கார்டேனாவில்; இருவர் இருவராகப் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் இறங்கும் இணை ஸ்லாலம். டவுன்ஹில் மன்னரான கிளாமர் முன்பே வெளியேறிவிட, இறுதியில் டோனியும் ஸ்டென்மார்க்கும். சொந்த மண்ணில், சொந்தக் கூட்டத்தின் முன்னால் டோனி வென்றார். பத்தொன்பது வயது முடிந்து ஐந்தே நாளான ஸ்டென்மார்க் தோற்றார். அடுத்த மூன்று ஆண்டுகள், 1976, 1977, 1978, ஒட்டுமொத்தப் பட்டம் வேறு யாருக்கும் போகவில்லை.

அவரோடு இருந்தவர்களும் எதிர்பாராத இடங்களிலிருந்து வந்தவர்கள். பயிற்சியாளர் ஹெர்மன் நோக்லர் இத்தாலியின் தென் டைரோலைச் சேர்ந்தவர். காலில் கட்டியது பெரிய ஆல்ப்ஸ் நிறுவனங்களின் ஸ்கீ அல்ல. அன்றைய யூகோஸ்லாவியாவில், இன்றைய ஸ்லொவீனியாவின் பெகூனியே கிராமத்தில் செய்த எலான். போர்க்காலத்தில் கெரில்லாப் படைக்கு ஸ்கீ செய்துகொடுத்த ருடி ஃபின்ஷ்கர் 1945-இல் தொடங்கிய பட்டறை அது. வென்ற பிறகு எத்தனையோ நிறுவனங்கள் கூப்பிட்டிருக்கும். கடைசிவரை அவர் எலானை விட்டுப் போகவில்லை.

1978-79 குளிர்காலத்தைப் பற்றி மட்டும் நான் நிறுத்திச் சொல்லியாக வேண்டும். அந்தப் பருவத்தில் பத்து ஜயண்ட் ஸ்லாலம் போட்டிகள் நடந்தன. பத்தையும் ஸ்டென்மார்க் வென்றார். அவற்றில் ஒன்று 1979 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாகியாவின் யாஸ்னாவில். இரண்டாம் இடம் பிடித்தவர் போயன் கிரிஷாய், ஸ்லொவீனியாக்காரர், அவர் காலிலும் எலான். இருவருக்கும் இடையே இருந்த நேர வித்தியாசம் 4.06 விநாடி. விநாடியை நூறாகப் பிளந்து வெற்றி தோல்வி சொல்கிற விளையாட்டு இது. நான்கு விநாடி என்றால், வென்றவர் எல்லைக் கோட்டைத் தாண்டி, நின்று, திரும்பி, அடுத்தவர் வருகிறாரா என்று மேலே பார்க்கலாம். அந்தப் பருவத்தில் மொத்தம் 13 வெற்றி. ஆனாலும் ஒட்டுமொத்தப் பட்டியலில் அவருக்கு ஐந்தாம் இடம்தான். காரணம், விதி மாறிவிட்டது: ஒரு பிரிவில் எத்தனை வென்றாலும் சில முடிவுகள் மட்டுமே கணக்கில் சேரும் என்றார்கள். எல்லாப் பிரிவிலும் வல்லவரே ஒட்டுமொத்த வீரர் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒருவர் மேன்மேலும் நன்றாக ஆடுவதால் விதியை மாற்ற வேண்டி வந்தது என்றால், அதைவிடப் பெரிய பட்டம் எதுவும் அந்த ஆண்டு கொடுக்கப்படவில்லை என்றே சொல்வேன்.

டவுன்ஹில்லில் இறங்கினால் அந்தப் புள்ளிகளும் கிடைக்கும். அதற்காக அவர் பயிற்சியைத் தொடங்கினார். 1979 செப்டம்பரில் இத்தாலியின் வால் செனாலெஸ் பனியாற்றில் டவுன்ஹில் பழகும்போது விழுந்தார். தலையில் பலத்த அடி, மூளை அதிர்ச்சி. ஒலிம்பிக்குக்கு ஐந்து மாதங்களே இருந்தன. அவர் மறுபடி பழைய ஸ்டென்மார்க்காக வருவாரா என்று ஒரு தேசமே பதறியது.

நான் தங்கியிருந்த வீட்டின் அம்மாள் அந்தச் செப்டம்பரை நேற்று நடந்ததுபோலச் சொன்னார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது; ஊர் உமியோ பக்கம். வீட்டில் அப்பா வானொலியை அணைக்கவே இல்லையாம். குளிர்காலம் வந்தது. ஸ்டென்மார்க் ஓடும் நாளில் பள்ளியில் தள்ளுவண்டியில் தொலைக்காட்சிப் பெட்டியை உருட்டிக்கொண்டு வருவார்கள். முதல் ஓட்டம் காலையில், இரண்டாவது மதியம். இரண்டுக்கும் நடுவே கணக்குப் பாடம் நடக்கும், ஒருவர் மனசும் அதில் இருக்காது. ஆலைகளில் இயந்திரங்களை நிறுத்துவார்கள். கடைவீதியில் தொலைக்காட்சி விற்கும் கடையின் கண்ணாடிக்கு முன்னால் கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்தில் கத்துவார்களா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: இல்லை, அவர் இறங்கி முடிக்கும்வரை யாரும் மூச்சுவிட மாட்டோம். பஸ் ஓட்டுநர் சொன்ன ஆறாம் வகுப்பு இதுதான்.

1980 பிப்ரவரி, அமெரிக்காவின் லேக் பிளாசிட். ஜயண்ட் ஸ்லாலத்தில் முதல் ஓட்டம் முடிந்தபோது ஸ்டென்மார்க் முதலிடத்தில் இல்லை. ஸ்லாலத்திலும் இல்லை, அமெரிக்காவின் ஃபில் மாஹ்ரே தன் மண்ணில் முன்னணியில் இருந்தார். இதெல்லாம் ஸ்வீடன்காரர்களுக்குப் பழக்கமான வேதனை. முதல் ஓட்டத்தில் அளந்து இறங்கிவிட்டு இரண்டாவதில் எல்லோரையும் முந்துவது அவருடைய வழக்கம். அன்றும் அதுவே நடந்தது. ஜயண்ட் ஸ்லாலத்தில் லிச்டன்ஸ்டைனின் ஆந்திரியாஸ் வென்ஸலை 0.75 விநாடியிலும், ஸ்லாலத்தில் மாஹ்ரேயை அரை விநாடியிலும் வென்றார். இரண்டு தங்கம். தலையில் அடிபட்டு ஐந்து மாதம்.

அந்த அம்மாளிடம் 1984-ஐப் பற்றிக் கேட்டபோது அவர் முகம் மாறியது. சரயேவோ ஒலிம்பிக்கில் ஸ்டென்மார்க் ஓட அனுமதிக்கப்படவில்லை. அன்றைய விதிப்படி, விளம்பரப் பணத்தை நாட்டுச் சம்மேளனத்தின் வழியாக வாங்கினால் அமெச்சூர். நேரடியாக வாங்கினால் தொழில்முறை வீரர். ஸ்டென்மார்க் நேரடியாக வாங்கும் பி உரிமத்தை எடுத்திருந்தார். பணம் எந்தப் பையின் வழியாக வருகிறது என்பதில்தான் வித்தியாசம், தொகையில் அல்ல. லேக் பிளாசிட்டில் பெண்கள் பிரிவில் இரண்டு தங்கம் வென்ற ஹன்னி வென்ஸலும் அதே காரணத்தால் வெளியே நிறுத்தப்பட்டார். இருவரும் இல்லாமலேயே போட்டி நடந்தது. அதே குளிர்காலத்தில் ஜயண்ட் ஸ்லாலம் உலகக் கோப்பை ஸ்டென்மார்க்குக்குத்தான் கிடைத்தது. விளையாட்டின் வரலாற்றில் எத்தனையோ அநியாயங்கள் உண்டு. ஆனால் ஒரு வீரன் தன் வாழ்நாளில் இரண்டு மூன்று முறை மட்டுமே காணக்கூடிய மேடையை ஒரு கணக்குப் புத்தக விதி பறித்துக்கொண்டதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அடுத்த ஒலிம்பிக்கில், 1988-இல் கால்கரியில், விதி தளர்ந்தபோது அவருக்கு வயது 31. ஸ்லாலத்தில் ஐந்தாம் இடம்.

நடுவில் ஒரே ஒருமுறை உலகக் கோப்பை டவுன்ஹில் ஒன்றில் இறங்கினார். 1981, ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூல். உலகிலேயே மிகவும் அச்சமூட்டும் சரிவு என்று வீரர்களே ஒப்புக்கொள்ளும் தடம். வென்றவருக்குப் பத்து விநாடிக்கும் மேல் பின்னால் வந்து சேர்ந்தார். வால் செனாலெஸில் விழுந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. டவுன்ஹில்லையும் ஸ்லாலத்தையும் சேர்த்துக் கணக்கிடும் கூட்டுப் பிரிவின் புள்ளிகளுக்காக இறங்கியவர்; வேகத்தில் போட்டியிட அல்ல. 86 வெற்றிகளையும் விட்டுவிட்டு அந்தப் பத்து விநாடியைப் பற்றி நான் நெடுநேரம் யோசித்தேன். பயம் என்னவென்று உடம்புக்குத் தெரிந்த பிறகு அந்த உச்சியில் போய் நிற்பதற்கு என்ன வேண்டும்?

அவர் அதிகம் பேசியதில்லை. இரண்டு தங்கம் வென்ற நாளிலும் பத்திரிகைக்காரர்களுக்கு நாலு வார்த்தைக்குமேல் கிடைக்கவில்லை என்பார்கள். எப்படிச் சறுக்குகிறீர்கள் என்று விடாமல் கேட்பவர்களுக்கு, புரியாதவருக்கு விளக்கிப் பயனில்லை என்ற பொருளில் இந்த மலைப்பக்கத்து வட்டார வழக்கிலேயே அவர் சொன்ன பதில் ஸ்வீடன் முழுக்கப் பழமொழிபோல வழங்குகிறது. தென்பகுதி மக்கள் அதை அகம்பாவம் என்றும், வெட்கம் என்றும் ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொண்டார்கள். அந்த பஸ்ஸில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து வந்த எனக்கு இரண்டும் இல்லை என்று தோன்றியது. இங்கே பேசாமல் இருப்பது ஒரு மரியாதை. அடுத்தவருடைய நேரத்துக்கும் தனிமைக்கும் கொடுக்கிற இடம். தனியாகச் செய்யலாம் என்பதற்காக ஒன்றைத் தேர்ந்துகொண்ட சிறுவன், அதை உலகமே பார்க்கச் செய்தபோதும் தனியாகவே செய்தான். எண்பது லட்சம் பேர் அதைச் சேர்ந்து பார்த்தார்கள்.

கடைசி வெற்றி 1989 பிப்ரவரி 19, அமெரிக்காவின் ஆஸ்பனில், ஜயண்ட் ஸ்லாலம். அந்தப் பருவத்தோடு நிறுத்திக்கொண்டார். அதற்குள் ஸ்லாலத்தில் கம்பங்களே மாறிவிட்டன. முன்பு விறைப்பான கம்பத்தைச் சுற்றி முழு உடம்பும் போக வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் அடியில் மடங்கும் கம்பம் வந்ததும், கால்கள் மட்டும் சுற்றிப்போனால் போதும், உடம்பு கம்பத்தை இடித்துச் சாய்த்துக்கொண்டே நேராக இறங்கலாம் என்றாயிற்று. சுற்றிப் போவதைக் கலையாக்கியவர், இடித்துப் போகும் காலத்திலும் வென்றுகொண்டுதான் இருந்தார். பின்னாளில், 2015-இல், 59 வயதில் ஸ்வீடன் தொலைக்காட்சியின் நடனப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டு அதையும் வென்றார். அதைச் சொல்லும்போது அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். நாங்கள் எல்லோரும் மறுபடி வரவேற்பறையில் கூடிவிட்டோம் என்றார்.

இந்தக் குன்று அவரோடு நின்றுவிடவில்லை. அன்யா பேர்சன் இங்கே வளர்ந்தவர். அவருடைய தாய்வழி இந்தப் பகுதியின் தொல்குடியான சாமி இனம். தந்தைதான் பயிற்சியாளர். உலகக் கோப்பையில் 42 வெற்றி, 2006 டூரின் ஒலிம்பிக்கில் ஸ்லாலம் தங்கம், 2007-இல் ஓரெயில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் மூன்று தங்கம். ஸ்டென்மார்க்குக்கு நேர் எதிர் சுபாவம்: வென்றதும் பனியில் குப்புறப் பாய்ந்து வயிற்றால் சறுக்கிக் கொண்டாடுவார். 2010-இல் வான்கூவர் டவுன்ஹில்லின் கடைசித் தாவலில் காற்றில் தூக்கி எறியப்பட்டு விழுந்தார். மறுநாளே மறுபடி இறங்கி வெண்கலம் வாங்கினார். டேர்னபிப் பிள்ளைகள் இரண்டு பேரையும் சொந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள்: இங்கெமார், அன்யா. அண்ணன் அக்காளைச் சொல்வதுபோல.

கடைசி மாலை. மைனஸ் பதினான்கு டிகிரி; காற்று இல்லை. விளக்குகள் ஏற்றிய சரிவுக்குப் போய், பயிற்சியாளர் நிறுத்திய அதே வேலியோரத்தில் நின்றேன். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று பையன்கள் சேர்ந்தே இறங்கி, சேர்ந்தே ஏறினார்கள். சற்றுத் தள்ளி, பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி, பச்சைத் தலைக்கவசம், தனியாக. மேலே போனாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பையன்கள் கடந்தார்கள், அந்தத் துருவும் சத்தம், சிரிப்பு, மறுபடி துருவும் சத்தம். இன்னும் யாரோ ஒரு பெரியவர், கனமாக. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. இழுவைக் கம்பியின் முனகல் மட்டும். அவள் இன்னும் உச்சியில்தான் நிற்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். பச்சைத் தலைக்கவசம் கீழே, வரிசையில், அடுத்த கட்டைக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தது.